மியூசிக் நின்ற பிறகு

ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், மரக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் அது. கிரீஸும் வியர்வையும் ஏறி ஏறிக் கைப்பிடி கறுத்து வழவழவென்று இருக்கும். அதன் நுனியை எதிர்வீட்டு மாமா, ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பேரிங் மேல் அழுத்தி வைப்பார். கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். சுற்றிலும் கன்வேயர் பெல்ட் ஓடும் இரைச்சல். பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் பாதிதான் வந்து சேரும். அதற்கு நடுவில் அவர் மட்டும், யாரோ ரகசியம் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பவர் போல முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொண்டு நிற்பார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். பிறகு கண்ணைத் திறந்து, ஒன்று தலையை ஆட்டுவார், இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். உதட்டைப் பிதுக்கினால் அடுத்து என்ன சொல்வார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். "மியூசிக் சரியில்ல மச்சான். பெல்ட்ட நிறுத்தச் சொல்லு."

பாப்பா, போன ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டு என்னிடம் ஏதோ கேட்டாய். நான் "சரிம்மா, நல்லது, அப்படியே செய்" என்றேன். ஃபோனை வைத்த கையோடு உன் மெசேஜ் வந்தது. "அப்பா, நான் கேட்டது கேள்வி. அதுக்கு எதுக்கு நல்லதுன்னு சொல்றீங்க?" பக்கத்தில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று. அதற்குக் கீழே நீ கேட்டதை எழுதியிருந்தாய். ஆங்கில வகுப்பில் ஆளுக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆங்கிலத்தில் என்னென்ன அர்த்தம், எங்கெங்கே புழங்குகிறது, நம் வீடுகளில் அதை எப்படிச் சொல்கிறோம் என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நீ மியூசிக் என்ற சொல்லை எடுத்திருக்கிறாய். "எதிர்வீட்டு மாமா மெஷின் சத்தத்த மியூசிக்னுதான சொல்வாரு, அத எழுதித் தாங்கப்பா" என்று கேட்டிருந்தாய்.

எழுதித் தருகிறேன். ஆனால் அவரைப் பற்றி எழுதினால் இன்னொன்றையும் எழுதித்தான் ஆக வேண்டும். அது உனக்கு மட்டும் இல்லை, தம்பிக்கும் சேர்த்து. எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகவே இப்படி. உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. வேலையிடத்தில் சொன்னால் இப்போது பார்க்கிற வேலையில் என்னை வைத்திருக்க மாட்டார்கள், வேறு எங்காவது உட்கார வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஃபோனில் நீங்கள் பேசுவது எனக்குக் குரலாக வருகிறது, சொல்லாக வரவில்லை. அதனால்தான் எதற்கெடுத்தாலும் "சரிம்மா", "நல்லதுப்பா" என்கிறேன். அப்பா ஏன் இப்படி இருந்தார் என்று பின்னால் நீங்களாகக் கண்டுபிடிப்பதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

அம்மா சித்தியின் பிரசவத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. வீட்டில் நான் ஒருவன்தான். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்து, சோறு வைத்துவிட்டு உட்கார்ந்தால் சாயங்காலம் நீளமாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில்தான் நாலைந்து நாளாக இதை எழுதுகிறேன். தம்பி எட்டாவதில் பரிசாக வாங்கிய டிக்‌ஷனரியை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டி வைத்திருக்கிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். ஒரு வரிக்கு அர்த்தம் பார்க்கப் போய், அந்த அர்த்தத்துக்கு இன்னொரு இடத்தில் அர்த்தம் பார்த்து, இப்படியே ஓடியது முதல் நாள்.

முதல் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்தது: பாடுவது, வாசிப்பது. இரண்டாவதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆங்கிலத்தில், வாசிக்க வேண்டியதைக் குறிகளால் எழுதி வைத்திருக்கும் காகிதத்துக்கும் மியூசிக் என்றே பெயராம். "என் மியூசிக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்" என்று ஒருவர் சொல்வதாக உதாரணம் போட்டிருக்கிறது. சத்தமே போடாமல் மேஜை மேல் கிடக்கிற ஒரு தாளையும் அவர்கள் மியூசிக் என்கிறார்கள். நம் பக்கம் அப்படி இல்லை. நமக்குச் சத்தம் வந்தால்தான் மியூசிக். அதிலும் நாம் பாட்டு வேறு, மியூசிக் வேறு என்று பிரித்து வைத்திருக்கிறோம், கவனித்திருக்கிறாயா? பாடுகிறவர் வாயை மூடிக்கொண்டு வெறும் வாத்தியம் வரும் இடத்தைத்தான் நம் வீட்டில் மியூசிக் என்போம். "ரெண்டாவது மியூசிக் வருது பாரு, அதுல புல்லாங்குழல் கேளு" என்று அம்மா சொல்வாளே, அது. ஆங்கிலேயரிடம் போய் இதைச் சொன்னால் விழிப்பார் என்று நினைக்கிறேன். இதை நீ எழுதிக்கொள், மார்க் கிடைக்கும்.

அப்புறம் காற்று, தண்ணீர், பறவை எழுப்பும் இனிய சத்தத்துக்கும் மியூசிக் என்று போட்டிருக்கிறது. வேட்டை நாய்கள் கூட்டமாகக் குரைப்பதைக்கூட அந்தக் காலத்தில் அப்படிச் சொன்னார்களாம். அது அந்த ஊர் வேட்டைக்காரர்களின் காது. ஆனால் எத்தனை தேடியும் பேரிங் சத்தம் அதில் இல்லை. அந்த அர்த்தம் எதிர்வீட்டு மாமா சேர்த்தது.

அவரும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் பண்ருட்டிப் பக்கம், நான் வடலூர்ப் பக்கம். எங்கள் இரண்டு குடும்பத்திலும் அதற்கு முன் மாதச் சம்பளம் வாங்கினவர்கள் கிடையாது. அடுத்தவர் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள்தான். உறவு ஒன்றும் இல்லை. முதல் நாளே "என்னா மச்சான், சாப்ட்டியா" என்று ஆரம்பித்தவர், கடைசிவரை மச்சான்தான். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைக் கொண்டுபோகும் பெல்ட்டுகளைப் பழுதுபார்க்கும் கும்பலில் இருந்தோம். சில வருஷத்தில் அவர் சார்ஜ்மேன் ஆனார், கும்பலுக்குப் பொறுப்பு. நான் அவருக்கு அடுத்து. குவார்ட்டர்ஸும் எதிரெதிரே அமைந்தது. வாய் ஓயாத மனிதர். ஷிஃப்ட் பஸ்ஸில் அவர் ஏறினால் அது வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்தவனும் எழுந்துவிடுவான். டிரைவர் போடுகிற பாட்டுக்கு மேலே குரலை ஏற்றிப் பாடுவார். "ஏம்ப்பா, நீ பாடினா பாடுறவரு பாவம் கேக்கலயே" என்று யாராவது கிண்டல் செய்தால், "அவருக்குத் தொண்ட கட்டியிருக்குது, நான் லீவ் சப்ஸ்டிட்யூட்" என்பார்.

மியூசிக் என்ற பெயர் அவருக்கு வந்தது ஒரு நோட்டால். ஷிஃப்ட் முடியும்போது இயந்திரத்தின் நிலையை ஒரு பெரிய நோட்டில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வர வேண்டும். வழக்கத்துக்கு மாறான சத்தம் என்று எழுத ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை உண்டு, அவருக்கு அது வரவில்லை. 'பேரிங் மியூசிக் நாட் குட்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார். மறுநாள் இன்ஜினியர் அதைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்தப் பேரிங்கைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே எஃகுக் குண்டுகள் உடைந்து கிடந்தன. அன்றிலிருந்து அந்த இன்ஜினியரே, "என்ன மியூசிக்காரரே, இன்னைக்குக் கச்சேரி எப்படி?" என்றுதான் கேட்பார்.

பிறகு ஒரு நாள் அவர் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைக்காமல் பல்லில் கடித்தார். நுனி பேரிங் மேல், கட்டை பல்லுக்கு நடுவில், கண் மூடியபடி. எங்களுக்கு ஆச்சரியம். "என்ன அண்ணே இது?" என்று கான்ட்ராக்ட் பையன்கள் கேட்டார்கள். "காதுல கேக்கறவன் அப்ரண்டிஸ். பல்லுல கேக்கறவன் மாஸ்டர்" என்றார். அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே எங்கள் கும்பலில் பாதிப் பேர் ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு திரிந்தார்கள். ஒருவனுக்கு முன்பல் ஓரம் உடைந்தது. ஒருவன் கிரீஸை விழுங்கிவிட்டு இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அடுத்த ஷிஃப்ட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "உங்க சார்ஜ்மேன் பேரிங்குக்கு என்ன கொழம்பு ஊத்திச் சாப்பிடுறாரு?" என்று கேட்டார்கள். நானும் கடித்துப் பார்த்தேன், பிள்ளைகளே. தாடையெல்லாம் அதிர்ந்தது, ஒன்றும் புரியவில்லை. நமக்கு அந்த அளவுக்கு வித்தை வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மனிதனுக்குக் காது போய்விட்டது, அதிர்வைப் பல்லால் தடவிப் பார்க்கிறான் என்று அத்தனை பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

எனக்கு அது தெரிந்தது ஓர் ஆயுத பூஜை அன்று. நீங்கள் இருவரும் அன்று வந்திருந்தீர்கள். உனக்குப் புது பாவாடை, பாப்பா. பட்டறைக்கு வாழைக்கன்று கட்டி, இயந்திரத்துக்கெல்லாம் சந்தனம் தடவி, பொரியும் கடலையும் கொடுத்த பிறகு வெளியே மைதானத்தில் விளையாட்டுப் போட்டி வைத்தார்கள். பெண்களுக்கு எலுமிச்சையும் கரண்டியும், ஆண்களுக்கு மியூசிக்கல் சேர். வருஷா வருஷம் மியூசிக்கல் சேரில் ஜெயிக்கிறவர் அவர்தான். பாட்டு எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் போல உட்கார்ந்துவிடுவார். அந்த வருஷமும் நாற்காலிகள் குறைந்துகொண்டே வந்து, நான்கு பேர் மூன்று நாற்காலி என்று ஆனது. அவர் தனக்கு முன்னால் ஓடுகிறவனின் காலையே பார்த்துக்கொண்டு ஓடுவதை நான் கவனித்தேன். அவன் நின்றால் இவர் உட்காருவார். எப்போதும் இப்படி ஓட மாட்டாரே என்று நினைத்தேன்.

அந்த முறை முன்னால் ஓடியவன் கால் தடுக்கி விழுந்து வெளியே உருண்டுவிட்டான். அதே நொடியில் பாட்டு நின்றது. மற்ற இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். மூன்றாவது நாற்காலி காலியாகவே இருந்தது. இவர் ஓடிக்கொண்டே இருந்தார். பின்னாலும் ஆள் இல்லாமல், முன்னாலும் ஆள் இல்லாமல், அந்தக் காலி நாற்காலியைத் தாண்டி ஒரு சுற்று, இன்னொரு சுற்று. மைதானமே சிரித்தது. அவருடைய மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நீங்களும் கைதட்டிச் சிரித்தீர்கள். அவர் அந்த முகங்களைப் பார்த்தார். என்ன நடந்தது என்று ஒரு கணம் தேடினார், அந்த ஒரு கணத்தை நான் மட்டும் பார்த்தேன். சட்டென்று இரண்டு கையையும் தூக்கி, இடுப்பை வளைத்து, வேண்டுமென்றே செய்தவர் போல ஆட ஆரம்பித்துவிட்டார். விசில் பறந்தது. "நம்மாளு என்னா ஆட்டம் பாரு!" என்று கத்தினார்கள். ஆடிக்கொண்டே என் பக்கம் வந்தவர், நான் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்துக் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் நான் அவருக்கு முதுகுப்பக்கம் நின்று, சாதாரணக் குரலில், "மச்சான், உன் சட்டையில தேள் ஏறுது" என்றேன். அவர் அசையவில்லை. தோளைத் தொட்டுத் திருப்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. "எவ்ளோ நாளா?" என்று கேட்டேன். உதட்டைப் பார்த்தார். "மூணு வருஷம் இருக்கும்டா. மொதல்ல குக்கர் விசில் போச்சு. அப்புறம் பொம்பளைங்க பேசறது போச்சு. உன் குரல் மட்டும் கொஞ்சம் வந்துகினு இருந்துச்சு, இப்ப அதுவும் தேஞ்சிடுச்சு" என்றார். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். "என்னத் தூக்கி ஸ்டோர்ல போட்டுடுவானுங்க மச்சான். ஆளில்லாத எடத்துல என்னால இருக்க முடியாது. நீ என் காதா இரு, போதும்."

நான் அவருடைய காதாக இருந்தேன். ஒன்றரை வருஷம். தோளில் ஒரு தட்டு என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள். இரண்டு தட்டு என்றால் பெல்ட்டை ஓட்டப்போகிறார்கள், சைரன் அடிக்கிறது, விலகு. அவர் பின்னால் நான் நிழல் மாதிரி நிற்பதைப் பார்த்து, "என்னப்பா, புருஷன் பொண்டாட்டி மாதிரி சுத்துறீங்க" என்று கிண்டல் செய்வார்கள். வருஷத்துக்கு ஒரு முறை காது டெஸ்ட் உண்டு. கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். "கண்ணாடி வழியா அந்தப் பொண்ணோட தோளப் பாரு மச்சான். அது சத்தம் குடுக்கறப்ப தோள் லேசா எறங்கும். நீ அமுக்கினா போதும்" என்று எனக்கு அவர் சொன்னார். அப்போது எனக்குக் காது நன்றாக இருந்தது. எனக்கு எதற்கு இது என்று சிரித்தேன்.

உன் பள்ளி ஆண்டு விழா நினைவிருக்கிறதா, பாப்பா? நீ நடனம் ஆடிய வருஷம். அதற்காக நான் லீவு போட்டேன். எனக்குப் பதிலாக அவர் தோளைத் தட்ட யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. செய்தால் விஷயம் வெளியே வந்துவிடும். ஒரு நாள்தானே என்று இருவருமே நினைத்தோம். அன்று வேலை முடிந்து பெல்ட்டை ஓட்டச் சொல்லி, சைரன் அடித்து, எல்லோரும் விலகிவிட்டார்கள். அவர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்து, பெல்ட்டுக்கு அடியில் உருளும் ஒரு ரோலரைக் கையால் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கான்ட்ராக்ட் ஆள் ஒருவர் கத்திப் பார்த்து, பிறகு ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தார். அவருக்கு ஒரு கீறல் இல்லை. இழுத்தவர் பின்பக்கமாக விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் கை தொட்டிலில். கான்ட்ராக்ட் ஆளுக்கு வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது, அது உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் இன்ஜினியர் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டார். சைரன் அடித்தும் சார்ஜ்மேன் ஏன் விலகவில்லை? இன்ஜினியரின் உதடுகள் அவசரமாக அசைந்ததால் எதிர்வீட்டு மாமாவுக்குக் கேள்வி பிடிபடவில்லை. வழக்கம்போல என்னைப் பார்த்தார். கட்டுப் போட்ட கையோடு அந்த மனிதரும் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என்னால் தாங்க முடியவில்லை. "சார், அவருக்குக் காது கேக்காதுங்க. ரொம்ப நாளா கேக்காது" என்று சொல்லிவிட்டேன். பல் உடைந்தவன் தரையைப் பார்த்தான். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு முழுதாகத் தெரிந்தது.

அவர் என்னோடு சண்டை போடவில்லை. அன்று பஸ்ஸில் இரண்டு ஸீட் தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். நான்கைந்து நாள் கழித்து, குப்பை கொட்ட வந்த இடத்தில் அவராகவே பேசினார். காது போனவர்களுக்குத் தங்கள் குரல் அளவு தெரியாது. தெருவுக்கே கேட்கும்படி பேசினார். "நீ சொன்னது தப்புன்னு சொல்லல மச்சான். அந்தாளு கையப் பாத்துட்டு நானும் ராத்திரியெல்லாம் முழிச்சுக்கினுதான் கெடந்தேன். நான் சொல்லியிருப்பேன்டா. என் வாயால நான் சொல்ல வேண்டியது அது. அத ஏன்டா நீ எடுத்துக்கினே?" பதிலை எவ்வளவு சத்தமாகச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பயந்தபடியே அவரைக் கருவிகள் வைக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஸ்பேனரைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கி, திரும்பி வந்ததும் வாங்கி வைப்பது வேலை. நல்ல நிழலான இடம், மின்விசிறி உண்டு. போகிற வருகிறவர்கள் சைகையில் வேண்டியதைக் காட்டிவிட்டுப் போவார்கள். யாரும் நின்று பேச மாட்டார்கள். பேசினால் கத்த வேண்டும், கத்திப் பேசினால் சண்டை போடுவது போல இருக்கும். நான் முதலில் தினமும் போனேன். பிறகு வாரத்துக்கு ஒரு முறை. பிறகு ஸ்பேனர் தேவைப்பட்டபோது மட்டும், அதற்கும் ஆளை அனுப்பினேன். ஒரு நாள் கதவோரம் நின்று பார்த்தேன். அலமாரியில் ஸ்பேனர்களைச் சிறிது பெரிது என்று அடுக்கிவிட்டு, எல்லாவற்றையும் எடுத்து மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். பாடவில்லை. வேலைக்காலம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பண்ருட்டிக்கே போய்விட்டார்கள். போன வருஷம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முந்திரிப் பையோடு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார், பிள்ளைகளைக் கேட்டார், உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், என் பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ் ஏறிவிட்டார். நானும் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஏனென்றால் அவர் கேட்டதில் பாதி எனக்கு அந்த இரைச்சலில் கேட்கவில்லை, அவர் கையாட்டியதை வைத்து ஊகித்துக்கொண்டேன். அவர் பஸ் ஏறும்வரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றோம்.

அவர் விட்டுப்போன இடத்துக்கு நான் சார்ஜ்மேன் ஆனேன். எனக்கும் முதலில் குக்கர் விசில்தான் போனது. சோறு குழைந்த பிறகு தெரிந்தது. டிவி சத்தம் அதிகம் என்று பக்கத்து வீட்டு அம்மா இரண்டு முறை கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். உங்கள் அம்மா நான் வேண்டுமென்றே காதில் வாங்குவதில்லை என்று நினைக்கிறாள். "இந்த மனுஷனுக்கு நான் பேசறது ரேடியோ மாதிரி" என்று அவள் சொன்னதை அவள் வாயசைவிலிருந்து படித்தேன். இந்த வருஷ டெஸ்ட்டில் கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் தோளைப் பார்த்து அமுக்கிப் பாஸ் ஆனேன். அவர் எனக்குச் சொன்ன உபாயம் அப்படிப் பயன்பட்டது. வெளியே வந்து டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனேன்.

போன மாதம் நடந்ததை யாருக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். வேலை முடிகிற நேரம், பையன் ஒருவன் வந்து என்னிடம் ஏதோ கேட்டான். உங்களுக்குச் சொல்கிற மாதிரியே அவனுக்கும் "சரிப்பா" என்று தலையாட்டினேன். அவன் திரும்பி நடந்து, பெல்ட்டை ஓட்டச் சொல்லி வயர்லெஸ்ஸை வாயருகே கொண்டுபோனதைப் பார்த்த பிறகுதான் என்ன கேட்டிருப்பான் என்று புரிந்தது. கீழே ஓர் ஆள் இன்னும் ரோலர் மாட்டிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினேன். பையன் விழித்தான், "நீங்கதான சரின்னீங்க" என்றான். அதை அவன் வாயசைவில் தெளிவாகப் படித்தேன். ஒன்றும் ஆகவில்லை. கீழே இருந்தவருக்கு இப்போதும் தெரியாது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

டிக்‌ஷனரியில் கடைசியாக ஒரு மரபுத்தொடர் போட்டிருக்கிறது, பாப்பா. ஃபேஸ் தி மியூசிக். மியூசிக்கை முகத்துக்கு நேராகப் பார்ப்பது என்று அதன் வார்த்தை. நாம் செய்த காரியத்துக்கு வரப்போகிறதை ஓடாமல் நின்று வாங்கிக்கொள்வது என்று அர்த்தம் கொடுத்திருக்கிறார்கள். எதற்காக அதை மியூசிக் என்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உன் டீச்சரைக் கேட்டுச் சொல். ஆனால் அந்த வரியைப் படித்த அன்றுதான், யாரோ ஒருவர் எல்லோர் முன்னாலும் என்னைப் பற்றிச் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

நேற்று நானே போய் மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். அதே பெண்தான். "இப்பதான சார் எடுத்தீங்க?" என்று கேட்டாள். போன முறை உன் தோளைப் பார்த்து அமுக்கினேன் என்று சொன்னேன். அவள் முகம் மாறியது, ஆனால் உள்ளே உட்கார வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூரத்தில் மாடு கத்துவது போல ஒரு சத்தம், அமுக்கினேன். இன்னொன்று, அமுக்கினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. அடுத்தது வரட்டும் என்று விரலைப் பட்டனில் வைத்தபடி காத்திருந்தேன். வெகுநேரம் ஆனது போலிருந்தது. தோளில் ஒரு கை பட்டது. கண்ணைத் திறந்தால் அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிக்கொண்டு, "முடிஞ்சிடுச்சுங்க" என்றாள். நான் காத்திருந்த நேரமெல்லாம் அவள் சத்தம் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

அங்கிருந்து நேராக இன்ஜினியரிடம் போனேன். தோளைப் பார்த்து அமுக்கியதையும், போன மாதத்து விஷயத்தையும் சொன்னேன். என் வாயால் நானே சொன்னேன். அவர், எனக்குப் புரியட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: திங்கட்கிழமை முதல் கருவிகள் அறை. எழுந்தபோது கையைக் கொடுத்தார். வெளியே வந்து ஷிஃப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். டிரைவர் பாட்டுப் போட்டிருக்க வேண்டும், முன் ஸீட்டுக்காரர் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு வந்தார்.

இன்று சாயங்காலம் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மேஜை அதிர்ந்தது. பார்த்தால் உன் ஃபோன், பாப்பா. எடுத்துக் காதில் வைத்தேன். நீ பேசினாய். சந்தோஷமாகப் பேசுகிறாயா, வருத்தமாகப் பேசுகிறாயா என்பது வரைக்கும் தெரிந்தது, சந்தோஷமாகத்தான் பேசினாய். நடுவில் ஓர் இடத்தில் சிரித்தாய். நீ நிறுத்துகிறவரை காத்திருந்தேன். "சரிம்மா" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, "எனக்குக் கேக்கலம்மா" என்றேன். பிறகு நீ ஏதோ சொன்னாய், மெதுவாக, நீளமாகச் சொன்னாய். என்ன சொன்னாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதை எழுதி அனுப்பு.